கடல் உயிர்களின் ஐம்பொறிகளை ஏமாற்றும் பிளாஸ்டிக்

2025-ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தன. அந்த வாரத்தில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் ஒரு விந்தையான காட்சியைக் கண்டோம். அலை ஏறி நின்று திரும்பிய கோட்டின் நெடுகிலும், யாரோ மூட்டை மூட்டையாக ஜவ்வரிசியைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் வெள்ளை மணிகள் சிதறிக் கிடந்தன. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பி, இரு கைகளிலும் அவற்றை அள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, "அம்மா, பாயசம் வை" என்று நீட்டினானாம்.

அது ஜவ்வரிசியன்று. பிளாஸ்டிக் வாளி, குடம், பை, நாற்காலி முதலிய எல்லாவற்றிற்கும் மூலப்பொருளான குருணை. நர்டில் என்று பெயர். தொழிற்சாலைகள் இதை உருக்கித்தான் வேண்டிய பொருளை வார்க்கின்றன. மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களுடன் மூழ்கியது. அவற்றுள் சிலவற்றில் இருந்த குருணை மூட்டைகள் கிழிந்து, நீரோட்டத்தோடு கேரளக் கரையை ஒட்டித் தெற்கே வந்து நம் மணலில் ஏறிவிட்டன.

அதன்பின் சில நாட்கள் எங்கள் ஊர்ச் சந்தையில் மீன் விலைபோகவில்லை. மீன் மணியைத் தின்றிருக்குமோ என்று வாங்க வருபவர்கள் கூடையருகே நின்று யோசித்தார்கள். யோசித்துவிட்டுக் கோழிக்கடைப் பக்கம் நடந்தார்கள். மீன் விற்கும் பாட்டி ஒருவர் எங்களைப் பார்த்துச் சற்றுக் கோபமாகவே கேட்டார்: "மீனுக்குத் தெரியாதா மக்களே, எது தீனி, எது தீனியில்லைன்னு? நம்மளவிட அதுக்குத்தானே கடலைப் பற்றித் தெரியும்?"

நல்ல கேள்வி. உயிரியல் வகுப்பில் சிஸ்டரிடம் இதையே கேட்டோம். விடையை உடனே சொல்லாமல், நூலகத்திலும் ஆய்வகத்திலும் தேடும்படி பணித்துவிட்டார். தேடியதில் கிடைத்ததையே இங்கு எழுதுகிறோம். சுருங்கச் சொன்னால், பாட்டி சொன்னது சரி, மீனுக்குத் தெரியும். மிக நன்றாகத் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடல் அதற்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை அது பிழையின்றி ஒப்பிக்கிறது. அந்தப் பாடம் எழுதப்பட்ட காலத்தில் பிளாஸ்டிக் இல்லை என்பதுதான் வினை.

மெய், வாய், மூக்கு, கண், செவி என ஐம்பொறிகளைத் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். தொல்காப்பியர் மரபியலில், பொறிகளால் பெறும் அறிவை எண்ணியே உயிர்களை வகுத்தார். நத்தைக்கு ஈரறிவு, நண்டுக்கு நாலறிவு என்பது அவர் கணக்கு. நாங்கள் திரட்டிய செய்திகளை அடுக்கியபோது அவையும் இந்தப் பொறிகளின் வழியே பிரிந்து நின்றது எங்களுக்கே வியப்பாக இருந்தது.

முதலில் பிளாஸ்டிக்கைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பைகளுக்கு ஆகும் பாலிஎதிலீன் 1933-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள். தண்ணீரைவிட இலேசானது, ஆகவே மிதக்கும். மரமும் இலையும் மக்குவதுபோல் இது மக்குவதில்லை. வெயிலில் வெளிறி, நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாகும். துகளானாலும் பிளாஸ்டிக்காகவே இருக்கும். அட்லாண்டிக் கடலின் சர்காசோ பகுதியில் இத்தகைய துகள்கள் மிதப்பதைக் கார்ப்பென்டர், ஸ்மித் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1972-லேயே எழுதிவிட்டார்கள். அப்போது எங்கள் அம்மாக்கள்கூடப் பிறக்கவில்லை. 2010 என்னும் ஒரே ஆண்டில் நிலத்திலிருந்து கடலுக்குள் சென்ற பிளாஸ்டிக், 48 இலட்சம் டன்னிலிருந்து 127 இலட்சம் டன் வரை இருக்கும் என்று 2015-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

இனிக் கண்ணைக் காண்போம். கடலாமைகளுள் மிகப் பெரியது ஏழுவரி ஆமை. மற்ற ஆமைகளைப்போல் இதற்குக் கெட்டியான ஓடு இல்லை. தோல் போர்த்த முதுகில் ஏழு வரிகள் நீளவாக்கில் ஓடும். அரை டன் எடை வரை வளரும் இந்தப் பெரிய உடம்பு வாழ்வது எதைத் தின்று தெரியுமா? சொறியை! குளிக்க இறங்கினால் காலில் பட்டு அரிப்பெடுக்குமே, அந்த ஜெல்லி மீன்தான். அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். எனவே ஆமை நாள் முழுவதும் அதைத் தேடித் தேடித் தின்ன வேண்டியிருக்கிறது. தேடும் முறை எளியது: மேலிருந்து வரும் வெளிச்சத்தில், கண்ணாடிபோல் ஊடுருவத் தெரிந்து, மெல்ல அசைந்து மிதப்பது எதுவோ அது சொறி. கடைக்காரர் கொடுக்கும் பையை ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். ஆமையின் மேல் பிழை சொல்ல மனம் வராது.

விழுங்கியது தவறு என்று தெரிந்தாலும் ஆமையால் துப்ப முடியாது. அதன் தொண்டையில் முட்கள் வரிசையாக உள்நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. வழுக்கும் சொறி திரும்ப வெளியே நழுவாதபடி இயற்கை அமைத்த ஏற்பாடு அது. ஒருவழிப் பாதை. உணவைக் காக்க வந்த முள்ளே பிளாஸ்டிக்கையும் உள்ளே தள்ளுகிறது. இறந்த ஏழுவரி ஆமைகளை அறுத்துப் பார்த்த 408 குறிப்புகளை 2009-இல் விஞ்ஞானிகள் தொகுத்தபோது, அவற்றுள் 34 விழுக்காட்டில் பிளாஸ்டிக் இருந்தது தெரிந்தது.

பசிபிக் மாகடலின் நடுவே மிட்வே என்றொரு சிறு தீவு இருக்கிறது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் வடமேற்குக் கோடியில், ஹொனலுலுவிலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தள்ளி உள்ளது. தொழிற்சாலை இல்லை, கடைத்தெரு இல்லை. உலகிலேயே மிகப் பெரிய ஆல்பட்ராஸ் குடியிருப்பு அங்கேதான். சிறகு விரித்தால் இரண்டு மீட்டர் அகலமுள்ள பறவை இது. அங்கே பறக்கத் தொடங்குமுன்பே இறந்த குஞ்சுகளின் வயிற்றில் புட்டி மூடிகள், தீ மூட்டும் லைட்டர்கள், பல் துலக்கும் பிரஷ், பொம்மைத் துண்டுகள் எல்லாம் கிடக்கின்றன. குஞ்சு கூட்டை விட்டு நகராது. கொண்டுவந்து ஊட்டியது தாயும் தந்தையும்.

இதற்கு விளக்கம் நம் பக்கத்து மீனவர்க்கு எளிதாகவே விளங்கும். ஆல்பட்ராஸ் விரும்பி உண்பவற்றுள் ஒன்று பறவைக் கோலா மீனின் முட்டை. கோலா தன் முட்டைகளைத் தனியே விடாது. மிதக்கும் பாசி, தழை, மரத்துண்டு எதுவாயினும் அதில் சரம்சரமாக ஒட்டவைக்கும். இந்த இயல்பை அறிந்தே சோழமண்டலக் கரையில் கோலா பிடிப்பவர்கள் தழைக்கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டுப் பிடித்து வந்தார்கள். இப்போது தழையைக் காட்டிலும் அதிகமாக மிதப்பது பிளாஸ்டிக். கோலா அதில் முட்டை ஒட்டுகிறது. ஆல்பட்ராஸ் முட்டையோடு மூடியையும் அள்ளுகிறது. பல நாள் பறந்து திரிந்து, தன் வயிற்றில் சேர்த்துவைத்ததைக் குஞ்சின் அலகுக்குள் கக்குகிறது. அந்தத் தாயிடம் அன்பில் குறை இல்லை, உழைப்பிலும் குறை இல்லை. இதைப் படித்தபோது வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மிட்வேயில் "விஸ்டம்" என்று ஒரு பெண் ஆல்பட்ராஸ் உண்டு. 1956-இல் அதன் காலில் அடையாள வளையம் இட்டார்கள். 2024-ஆம் ஆண்டின் இறுதியிலும் அது திரும்பி வந்து முட்டையிட்டது. எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பறவை முதல் குஞ்சுக்கு இரை தேடிய கடலும், இப்போது தேடும் கடலும் ஒன்றல்ல.

கண் ஏமாறுவதை எவரும் ஊகித்துவிடலாம். மூக்கு ஏமாறும் கதைதான் எங்களுக்குப் புதிது.

கடற்காற்றில் ஒரு தனி வாசனை உண்டல்லவா? அதில் பெரும்பங்கு டைமெத்தில் சல்பைடு என்னும் கந்தகச் சேர்மத்துக்கு உரியது. கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளை, இறாலினத்தைச் சேர்ந்த சிற்றுயிர்கள் மேயும்போது இந்த வாசனை கிளம்புகிறது. ஆகவே வாசனை எங்கு மிகுதியோ அங்கே சிற்றுயிர்க் கூட்டம். சிற்றுயிர்க் கூட்டம் எங்கோ அங்கே மீன். கரையே தெரியாத கடலில் பறக்கும் புயற்பறவைகள் இந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் இரையிருக்கும் இடத்துக்குப் போகின்றன என்று கேப்ரியல் நெவிட் என்னும் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1995-இல் காட்டினார். சமையற்கட்டில் மீன் பொரிக்கும் வாசனை வந்தால் நமக்குக் கால் தானே அந்தப் பக்கம் நடப்பதில்லையா? அதுபோலத்தான்.

நெவிட்டின் மாணவர் மேத்யூ சவோகா இதை மேலும் ஆராய்ந்தார். பிளாஸ்டிக் மணிகளைக் கண்ணிப்பையில் கட்டிக் கலிபோர்னியக் கடலில் சுமார் மூன்று வாரம் தொங்கவிட்டார். எடுத்துப் பார்த்தால், அவற்றின்மேல் பாசி படர்ந்து, அதே டைமெத்தில் சல்பைடு வாசனையை வீசின! புது பிளாஸ்டிக்கில் அந்த வாசனை இல்லை. இவ்வாசனையைத் தேடிச் செல்லும் இனப் பறவைகள், தேடாத இனங்களைவிட ஐந்து மடங்குக்கும் மேலாகப் பிளாஸ்டிக்கை உண்கின்றன என்றும் கணக்கிட்டார். 2016-இல் இது வெளியாயிற்று. மறு ஆண்டு, நம் நெத்திலிக்கு உறவான ஒரு மீனை வைத்துப் பார்த்தபோது, பாசி படிந்த பிளாஸ்டிக் ஊறிய நீரைத் தொட்டியில் விட்டதும் கூட்டம் இரையைக் கண்டதுபோல் நெருங்கித் திரண்டது. புதிய பிளாஸ்டிக் ஊறிய நீருக்கு அது அசையவில்லை. 2020-இல் பெருந்தலை ஆமைகளிடம் செய்த சோதனையிலும் இப்படியே. பாசி படிந்த பிளாஸ்டிக்கின் வாசனைக்கு, உணவின் வாசனைக்குப்போலவே மூக்கை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றனவாம்.

இதை நாங்களும் செய்து பார்க்க ஆசைப்பட்டோம். எங்கள் தோழியின் அண்ணன் உதவியால், ஒரு பையை நறுக்கிக் கொசுவலைத் துணியில் கட்டி, எங்கள் ஊர்த் தூண்டில் வளைவின் கற்களுக்கிடையே கடலில் தொங்கவிட்டோம். அதே பையின் மறுபாதியைப் பள்ளியில் குழாய்த் தண்ணீரில் போட்டு வைத்தோம். நான்கு வாரம் கழிந்து எடுத்தால், குழாய்த் தண்ணீரில் இருந்தது போட்டபடியே இருந்தது. கடலில் இருந்தது வழவழவென்று பச்சை படர்ந்து, பாசியும் கருவாடும் கலந்தாற்போல் ஒரு வாசனை வீசியது. இரண்டையும் திண்ணையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றோம். வீட்டுப் பூனை வந்தது. குழாய்த் தண்ணீர்த் துண்டைத் திரும்பியும் பாராமல், கடல் துண்டை முகர்ந்து நக்கவும் தொடங்கிவிட்டது. பிடுங்கி எறிந்தோம். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டோம். பூனை எதைத்தான் முகராது! ஆனால் பாட்டியின் கேள்விக்கு எங்கள் கண்முன் ஒரு விடை கிடைத்துவிட்டது. மீன் பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை. உணவின் வாசனையைத் தின்கிறது. அதனுள் பிளாஸ்டிக் ஒளிந்திருக்கிறது.

செவிக்கு வருவோம். ஆயிரம் மீட்டருக்குக் கீழே கடலில் வெளிச்சமே கிடையாது. அந்த இருளில் கணவாய் பிடித்து உண்ணும் திமிங்கிலங்கள் உண்டு. அம்பர் என்னும் விலையுயர்ந்த வாசனைப் பொருள் எதன் குடலில் உண்டாகிறதோ அந்தப் பெரிய பல் திமிங்கிலமும் அவற்றுள் ஒன்று. அவை மூக்குப் பாதையிலிருந்து 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, எதன்மேலாவது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு இரை எது, எங்கே என்று அறிகின்றன. இருட்டில் கண் தெரியாத விலங்கு பிளாஸ்டிக் பையை ஏன் விழுங்க வேண்டும்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் கரையில் ஒதுங்கிய பை, கயிறு, புட்டி முதலியவற்றையும் உண்மையான கணவாயையும் கடலுக்குள் தொங்கவிட்டு, ஒலியை அனுப்பிச் சோதித்தார்கள். 2024-இல் வெளிவந்த முடிவு இது: பிளாஸ்டிக் தரும் எதிரொலி கணவாய் தரும் எதிரொலியைப்போலவே இருந்தது, சிலவற்றில் இன்னும் பலமாகவே இருந்தது.

2018 நவம்பரில் இந்தோனேசியாவின் வாகாதோபித் தீவுகளில் ஒதுங்கிய அம்பர்த் திமிங்கிலத்தின் வயிற்றில் ஏறக்குறைய ஆறு கிலோ பிளாஸ்டிக் இருந்தது. 115 குவளைகள், 25 பைகள், இரண்டு ரப்பர்ச் செருப்புகள், கணக்கற்ற கயிற்றுத் துண்டுகள். 2019 மார்ச்சில் பிலிப்பைன்சில் இறந்த வேறோர் ஆழ்கடல் திமிங்கிலத்தின் வயிற்றில் 40 கிலோ. நம் வகுப்பில் ஒருத்தியின் எடையே அவ்வளவுதான்.

நாக்கு? நாவென்று ஒன்று இல்லாத பவளத்துக்கும் சுவை உண்டு. கண்ணும் காதும் இல்லாத இந்தச் சிறு பிராணி, தன் இழைகளில் படுவதை இரசாயனத்தால் சோதித்துத்தான் உள்ளே இழுக்கும். அதனிடம் மணலையும் பிளாஸ்டிக் துகளையும் கொடுத்தபோது, மணலைத் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக்கை உண்டது. பாசி படியாத சுத்தமான பிளாஸ்டிக்கை இன்னும் விரும்பி உண்டது. எனவே, தயாரிக்கும்போது சேர்க்கும் ஏதோ ஓர் இரசாயனமே பவளத்துக்கு ருசிக்கிறது என்று 2017-இல் அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆசிய, பசிபிக் கடல்களில் 159 பவளத்திட்டுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட அறிக்கை இன்னொரு செய்தியையும் சொல்கிறது: பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 விழுக்காடு, பிளாஸ்டிக் சுற்றிய பவளத்துக்கு 89 விழுக்காடு. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளம் வளர்ந்திருக்கிறது. அந்தப் பவளத்தில்தான் நம் பாறை மீன்கள் பல குஞ்சு வளர்க்கின்றன.

எஞ்சியது மெய், அதாவது தொட்டு அறிதல். இதில் எங்கள் வரிசை சற்றுக் குலைகிறது. ஏனெனில் இங்கே கேடு, தொட்டு ஏமாறுவதில் இல்லை. தொடும்வரை தெரியாததில் இருக்கிறது. தாத்தாக்கள் காலத்தில் வலை பருத்தி நூலால் ஆனது. அடிக்கடி உலர்த்த வேண்டும், சாயம் காய்ச்சி ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் இற்றுப்போகும். கடலில் தொலைந்தால் சில மாதங்களில் அதுவும் தொலைந்துபோகும். நைலான் வலை வந்தது, உழைப்புக் குறைந்தது, பிடி பெருகியது. அதைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று, எங்களில் பலரைப் படிக்க வைப்பதே அந்த வலைதான். ஆனால் பாறையில் மாட்டியோ, புயலில் அறுந்தோ போன நைலான் வலை மீனவன் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். மீன் மாட்டும், அதைத் தின்ன வரும் மீன் மாட்டும், மூச்செடுக்க மேலே போகமுடியாமல் பங்குனி ஆமை மாட்டும். திமிங்கிலத்துக்கும் ஓங்கிலுக்கும் எதிரொலிதான் கண் என்றோமே, அந்த ஒலிக்கு மெல்லிய நைலான் இழை அரிதாகவே பதில் தருகிறது. கேட்கக் கூடாத பை உரக்கக் கேட்கிறது. கேட்க வேண்டிய வலை கேட்பதில்லை!

நாலறிவு நண்டின் கதையையும் சொல்லியாக வேண்டும். துறவி நண்டுக்குத் தன் ஓடு இல்லை. இறந்த சங்கின் காலிக் கூட்டில் குடியேறி வாழும். இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குரிய கோகோஸ் தீவுகளிலும், பசிபிக்கில் ஹென்டர்சன் தீவிலும் ஒதுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் புட்டிகளுக்குள் இவை நுழைகின்றன. உள்ளே வழுக்கும்; ஏறி வெளியே வர முடியாது. இறந்துவிடும். துறவி நண்டு இறந்தால் ஒரு வாசனை வெளிப்படும். "இங்கே ஒரு சங்கு காலி" என்று மற்ற நண்டுகளுக்கு அது அழைப்பு. அழைப்பைக் கேட்டு அடுத்தது வரும், அதுவும் விழும். இப்படி ஒரே கலத்துக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நண்டுகள் இறந்து கிடந்ததைக் கண்டார்கள். கோகோஸ் தீவுகளில் 5,08,000, ஹென்டர்சனில் 61,000 நண்டுகள் இவ்வாறு சிக்கியிருக்கும் என்பது 2019-இல் வெளிவந்த மதிப்பீடு.

தின்ற பிளாஸ்டிக் வயிற்றில் என்ன செய்கிறது? பெரிய துண்டு குடலை அடைக்கும், கூரிய துண்டு கிழிக்கும். பெரும்பாலும் இவ்வளவுகூட வேண்டியதில்லை. வயிறு நிறைந்திருப்பதால் பசி எடுப்பதில்லை. பசி எடுக்காததால் உயிரினம் இரை தேடுவதில்லை. நிறைந்த வயிற்றோடு பட்டினியில் மெலிகிறது. இதோடு நஞ்சும் சேர்கிறது. கடலில் கரைந்துள்ள எண்ணெய்ப் பிசுக்கான நச்சு இரசாயனங்கள் நீரைவிடப் பிளாஸ்டிக்கோடு எளிதில் ஒட்டிக்கொள்பவை. நம் வெள்ளைக் குருணைகளைக் கடலில் ஊறவைத்துப் பார்த்த ஜப்பானிய விஞ்ஞானிகள், சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிடப் பத்து இலட்சம் மடங்கு வரை நஞ்சு அவற்றில் சேர்வதை 2001-இல் கண்டறிந்தார்கள்.

இந்தக் குருணை நம் கரையைத் தொட்டது இப்போதுதான் என்றாலும், அக்கரை இதை முன்பே பார்த்துவிட்டது. 2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' என்ற கப்பல் தீப்பிடித்தது. ஜூன் மாதத்தில் மூழ்கியது. 1,486 கொள்கலன்கள், அவற்றுள் நைட்ரிக் அமிலமும் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணையும் இருந்தன. நீர்கொழும்பை அடுத்த கரைகளில் மணல் தெரியாதபடி குருணை படிந்தது. அடுத்த வாரங்களில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை விழுந்தது. நம்மைப்போலவே கடலை நம்பி வாழும் குடும்பங்கள் அங்கே வலையை மடித்துவைத்துக்கொண்டு நிவாரணத்துக்காகக் காத்திருந்தன. சில மீன்களின் வாயிலும் செவுளிலும் அந்த மணிகள் சிக்கியிருந்ததைப் படத்தில் பார்த்தோம்.

விடையைச் சொல்ல மீன் விற்கும் பாட்டியிடம் போனோம். கோலா முட்டையையும் வாசனையையும் பற்றிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்போ மீன் தின்னலாமா, கூடாதா? அதைச் சொல்லு மக்களே" என்றார். மீன் விழுங்கும் பிளாஸ்டிக் பெரும்பாலும் இரைப்பையிலும் குடலிலும் தங்குகிறது. அவற்றைத்தான் நாம் அரிந்து எறிந்துவிடுகிறோமே என்று சொன்னோம். "நெத்திலி?" என்றார் உடனே. நெத்திலியைப் பலர் குடலோடு வறுப்பார்கள்; கருவாடு என்றால் சொல்லவே வேண்டாம். நாங்கள் விழித்தோம். "தலையைக் கிள்ளும்போது குடலும் கூடவே வரும், அப்படிக் கிள்ளணும்" என்று அவரே வழி சொல்லி ஒன்றைக் கிள்ளியும் காட்டினார். மனித இரத்தத்திலும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள் இருப்பதை 2022-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள், சோதித்த 22 பேரில் 17 பேரிடம் இருந்தது என்ற செய்தியை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தோம். வியாபார நேரம், சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை இருக்கிறது. இருந்தும் எங்கள் பள்ளி வாசலில் உள்ள கடைகளில் கேளாமலே பை கிடைக்கிறது. நாங்களும் கேளாமலே வாங்கிக்கொள்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 2017 முதல் மீனவர்கள் வலையில் ஏறும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதைத் துண்டாக்கிச் சாலை போடும் தாரில் கலந்தார்கள். தாரில் பிளாஸ்டிக் கலக்கும் முறையைக் கண்டவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன். இதையெல்லாம் வீட்டில் படித்துக் காட்டியபின், எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா, பழுதுபார்த்தபின் மிஞ்சும் வலைத் துண்டுகளைப் படகிலேயே ஒரு சாக்கில் போட்டு வைக்கிறார். "சாக்கு நிறைந்தால் எங்கே கொண்டு கொடுப்பது?" என்று அவர் கேட்கிறார். எங்கள் ஊரில் அதற்கு இடமில்லை. மூன்று சாக்கு வீட்டுப் பின்புறம் கிடக்கிறது.

பள்ளி திறந்தபின் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டுச் சல்லடைகளோடு பதினான்கு பேர் கடற்கரைக்குப் போனோம். தொண்டர்களும் பணியாளர்களும் முன்பே பெரும்பகுதியை அள்ளிவிட்டார்கள். மேலே மணல் சுத்தமாகவே தெரிந்தது. ஒரு சாண் ஆழத்தில் தோண்டிச் சலித்தால், உலர்ந்த மணல் கீழே விழுந்து, சல்லடையில் வெள்ளை மணிகள் நின்றன. ஒரு மணி நேரத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேர்ந்தது. முதுகு வலித்தது, நிறுத்திக்கொண்டோம்.

அந்தப் பாட்டில் இப்போது உயிரியல் ஆய்வகத்தின் அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் பார்மலின் புட்டிகளில் கடற்குதிரை, நட்சத்திர மீன், கணவாய். சீட்டு ஏதும் ஒட்டவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து புதிதாக வரும் தங்கைகளிடம் அதைக் காட்டி இது என்னவென்று சிஸ்டர் கேட்பார். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் தயங்காமல் கையை உயர்த்தி, "மீன் சினை, சிஸ்டர்" என்கிறார்கள்.